கம்பளியில் இருந்து நுரைக்கு: கார் பாலிஷின் கதை

ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது என்பது பலரும் கேள்விப்பட்ட கதை. ஃபோர்டின் பிடிவாதம் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு காருக்கு பெயிண்ட் அடிப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரிந்தால் அவர் மேல் கொஞ்சம் இரக்கம் வரும்.

குதிரை வண்டிக்குப் பூசிய அதே வார்னிஷ்தான் ஆரம்பத்தில் காருக்கும். ஒரு பூச்சு பூச வேண்டும், காய வைக்க வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். நல்ல நிறத்தில் ஒரு கார் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வண்டி ஷெட்டில் தூங்கும், அதில் போட்ட பணமும் கூடவே தூங்கும். கணக்குப் பாடம் படித்த யாருக்கும் இது எவ்வளவு நஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

இதை மாற்றியது டியூகோ. ஜெனரல் மோட்டார்ஸின் சார்லஸ் கெட்டரிங்கும் டூபாண்ட் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அது. (டூபாண்ட் ஆரம்பத்தில் வெடிமருந்துக் கம்பெனி. இந்த லாக்கரும் வெடிப் பஞ்சுக்கு நெருங்கிய சொந்தம்தான்!) 1923ல் அறிமுகமான ஓக்லாண்ட் கார்களில் நீல நிறத்தில் முதலில் வந்தது. வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது.

ஆனால் டியூகோவிடம் ஒரு குறை. தெளித்துக் காய்ந்ததும் அது தானாகப் பளபளக்காது. தேய்த்துத்தான் மினுக்க வேண்டும். வெயிலில் நிற்க நிற்க வெளிறி, சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே கார் வாங்கியவரும் தேய்த்தார். சிவப்புக் காரைத் தேய்த்தால் துணி சிவப்பாகும், அதாவது பெயிண்டே உரிந்து வருகிறது. பூச்சு தடிமனாக இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. கை வலித்தவர்களுக்கு சுழலும் இயந்திரமும், அதன் முனையில் மாட்ட ஆட்டு ரோமத்தில் செய்த கம்பளித் தட்டும் வந்தன. ரோமத்தின் இழைகளே பெயிண்டை அரைக்கும் என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது.

இப்போது ஜெர்மனி. 1937ல் லெவர்குசன் நகரில் ஓட்டோ பாயர் குழுவினர் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார்கள். ஈரம் பட்டால் கார்பன் டை ஆக்ஸைடு கிளம்பி, பொருள் முழுக்கக் குமிழிகள் வந்துவிடும். ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டி செய்யத்தான் இது லாயக்கு என்று சொந்த ஆட்களே கிண்டலடித்ததாக ஒரு கதை உண்டு. அந்தக் குமிழிதான் பிறகு சோறு போட்டது. 1950களில் மெத்தையும் இருக்கையும் நுரைக்கு மாறின.

பாலிஷ் வேலைக்கு நுரை முழுமூச்சாக வர இன்னும் பல வருடங்கள் பிடித்தன. கம்பளி போதுமானதாக இருந்தவரை யாருக்கும் அது தேவைப்படவில்லை. தேவையை உண்டாக்கியது 'கிளியர் கோட்'. நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு. 1980களில் இது பரவலானது. சுமார் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், ஏறக்குறைய தலைமுடித் தடிமன். கண்ணாடி மாதிரி இருப்பதால் கம்பளி விட்டுச் சென்ற வட்ட வட்டக் கீறல் அத்தனையும் வெயிலில் பல்லை இளித்தது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் இந்தப் பூச்சுதான். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது, திரும்ப வராது. அளவுக்கு மீறிப் போனால் மேல்பூச்சு உரியும். பிறகு மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

நுரை இங்கேதான் ஜெயித்தது. நுரையே அதிகம் அரைக்காது, அதன் துளைகள் பாலிஷைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கெட்டி நுரை கீறலை எடுக்க, நடுத்தரம் மெருகேற்ற, மிருதுவானது மெழுகு பூச. நிறத்தை நம்பி வாங்கினால் ஏமாறலாம். லேக் கன்ட்ரியின் மஞ்சள் நுரை அரைப்பதற்கு, மெகுயர்ஸின் பழைய வரிசையில் மஞ்சள் மெருகேற்றுவதற்கு! எல்லாருக்கும் பொதுவான நிற விதி கிடையாது. மிருதுவானதில் தொடங்கி, ஒரு சின்ன இடத்தில் தேய்த்துப் பார்த்து, போதவில்லை என்றால் மட்டும் கெட்டியானதற்குப் போவதுதான் பூச்சுக்கு நல்லது.

பராமரிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காய்ந்த பாலிஷும் பெயிண்ட் தூளும் துளைகளில் இறுகினால் மெத்தென்ற நுரை உப்புத்தாள் ஆகிவிடும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். ஒரு பாலிஷுக்கு ஒரு நுரை. மெழுகு தொட்டதை அரைக்கும் வேலைக்கு எடுக்கக் கூடாது. நுரை சூட்டை எளிதில் வெளியே விடாது என்பதால் நடுப்பகுதிதான் முதலில் வெந்து போகும், பின்பக்க வெல்க்ரோவைப் பிடித்திருக்கும் பசையும் இளகும். (சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்காய்களைப் பார்த்துக் கண்டுபிடித்த அதே வெல்க்ரோ.) ஆகவே ஒன்றையே தேய்த்துக்கொண்டிருக்காமல் இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. வேலை முடிந்ததும் மிதமான சோப்பு நீரில் அழுத்திக் கழுவி, முறுக்காமல் பிழிந்து, நுரைப்பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் காய வைக்க வேண்டும். அப்போதுதான் ஈரம் பசைப்பக்கம் தங்காது.

அழுத்திவிட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பாத நுரையும், ஓரம் கிழிந்த நுரையும் இனி பெயிண்ட் பக்கம் போகக் கூடாது. டயருக்குப் பூசத் தாராளமாகப் போதும்.