அரங்கின் பின்வாயில்

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்குப் பரேட் மைதானம் புதிய இடமன்று. ஃபோர்ட் கொச்சியில் பெருமரங்கள் சூழ விரிந்து கிடக்கும் அப்பசும்புல் வெளியில் அந்நாளில் போர்த்துக்கீசியரும், பின்னர் டச்சுக்காரரும், அவர்க்குப் பின் ஆங்கிலேயரும் தத்தம் படைகளை அணிவகுக்கச் செய்தனர். இன்று அங்கே சிறுவர்கள் கால்பந்து ஆடுகின்றனர். அம்மைதானத்தைக் காண வரும் வெளியூரார் அணிவகுப்பின் கதையைக் கேட்டு மகிழ்ந்து திரும்புவர். ஆயினும், சற்று அப்பால் வெளிப் பகுதியிலுள்ள தோபிகானாவையும் கண்டவர்க்கே அக்கதையின் மறுபாதி விளங்கும். டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்கெனத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட சலவைத் தொழிலாளர் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் துணி வெளுத்துக் காய வைக்கின்றனர். படை நடந்ததை ஏடுகள் எழுதி வைத்தன. படைக்கு வெள்ளாடை தந்த கைகளைப் பற்றி அவை அதிகம் பேசவில்லை.

எந்தக் காட்சிக்கும் முன்வாயில் ஒன்று உண்டு. பின்வாயில் ஒன்றும் உண்டு. இவ்வுண்மையை நாம் கால்பந்து அரங்குகளில் தெளிவாகக் காணலாம். புகழ்பெற்ற அரங்குகளின் உட்புறத்தை ஆட்டமில்லாத நாட்களில் பொதுமக்களுக்குச் சுற்றிக் காட்டும் வழக்கம் இன்று மேலைநாடுகளில் பெரிதும் பரவியுள்ளது. கட்டணம் செலுத்தியவர்களை வழிகாட்டி ஒருவர் அழைத்துச் செல்வார். ஆட்டக்காரர் உடைமாற்றும் அறை, செய்தியாளர் கூடும் அறை, பயிற்சியாளர் அமரும் இருக்கை, ஆட்டக்காரர் களத்துக்கு வரும் சுரங்கவழி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டுவார். நம்மவருள் வெளிநாடு சென்று வருவோர் பலரும் கோயில் தரிசனத்துக்குச் செல்வதுபோல் இவ்வரங்குகளுக்கும் சென்று வருகின்றனர்.

அவர்கள் அங்கே காண்பன யாவை? இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலுள்ள ஓல்ட் டிராஃபோர்டு அரங்கம் 1910-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 மார்ச் மாதத்தில், ஜெர்மானியக் குண்டுகள் அதனைச் சிதைத்தன. 1949-ஆம் ஆண்டிலேதான் அங்கு மீண்டும் ஆட்டம் நடைபெற்றது. பழைய கட்டடத்தின் எச்சமாக இன்று நிலைத்திருப்பது ஆட்டக்காரர் வந்த அப்பழைய சுரங்கவழியே. 1958 பிப்ரவரி 6-ஆம் நாள் மியூனிக் நகர விமான விபத்தில் மாண்ட இளம் வீரர்களின் நினைவும் அவ்வரங்கில் போற்றப்படுகிறது. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் 1957-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காம்ப் நோ அரங்கிலோ, சுரங்கவழியின் அருகே வழிபாட்டுக்கென ஒரு சிறு தேவாலயமே அமைக்கப்பட்டது. ஆடப் புகுமுன் அஞ்சும் உள்ளம் எந்நாட்டவர்க்கும் ஒன்றே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவையெல்லாம் காணத்தக்கனவே. எனினும், அரங்கின் பின்புறத்தைக் காணச் செல்வோர் கருத வேண்டிய பொருள் வேறொன்று உண்டு. அது வாயில்களும் படிக்கட்டுகளுமாகும். அரங்குகளின் வரலாற்றில் பாதி, கோல்களால் எழுதப்பட்டது. மறுபாதி, மக்கள் உள்ளே நுழைந்த வழிகளாலும் வெளியேற முடியாத வழிகளாலும் எழுதப்பட்டது.

இலண்டனில் புதிதாகக் கட்டப்பட்ட வெம்பிளி அரங்கில் 1923 ஏப்ரல் 28-ஆம் நாள் முதல் இறுதியாட்டம் நடைபெற்றது. கணக்கில் பதிவானவர்களே 1,26,047 பேர். கணக்கில் அகப்படாது சுவரேறிக் குதித்தவர் பல்லாயிரவர். ஆடுகளம் முழுவதும் மக்கள் வெள்ளமாயிற்று. குதிரைக் காவலர்கள் பொறுமையோடு கூட்டத்தைப் பின்தள்ளிய பிறகே ஆட்டம் தொடங்கிற்று. அவர்களுள் ஒருவர் ஏறியிருந்த வெண்குதிரையின் பெயரால் இன்றும் அவ்வரங்கின் அருகே ஒரு பாலம் வழங்குகிறது. அன்று பேரிழப்பு நேராமை நற்பேறேயாம்.

நற்பேறு எந்நாளும் துணை நிற்பதில்லை. 1971 சனவரி 2-ஆம் நாள் கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் அரங்கில், ஆட்டம் முடிந்து மக்கள் இறங்கிய ஒரு படிக்கட்டிலேயே நெரிசலுற்று 66 பேர் மாண்டனர். 1989 ஏப்ரல் 15-ஆம் நாள் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் நிகழ்ந்தது அதனினும் கொடிது. வெளியே நெரிந்த கூட்டத்தைத் தணிக்கவென்று ஒரு வாயிற்கதவு திறக்கப்பட்டது. உட்புகுந்தோர் எதிரே தெரிந்த சுரங்கவழியில் சென்றனர். அவ்வழி முன்னரே நிரம்பிக் கிடந்த அடைப்புகளில் போய் முடிந்தது. முன்னே இரும்பு வேலி; பின்னே மக்கள் திரள். அன்றைய நெரிசலால் இறந்தோர் 97 பேர். ஆட்டக்காரர் வரும் சுரங்கவழியை விரும்பிக் காணும் நாம், மக்கள் சென்ற இச்சுரங்கவழியையும் நினைத்தல் வேண்டும். நீதிபதி டெய்லர் 1990-இல் அளித்த அறிக்கையின் பயனாகவே இங்கிலாந்தின் பேரரங்குகளில் நின்று பார்க்கும் படிவரிசைகள் நீங்கி, யாவர்க்கும் இருக்கைகள் அமைந்தன.

இவை கடல்கடந்த நாட்டுச் செய்திகளென எண்ணி வாளாவிருத்தல் இயலாது. 1980 ஆகஸ்டு 16-ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்ட அரங்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 இரசிகர்கள் உயிர் நீத்தனர். இனி, நாம் வாழும் கொச்சியை நோக்குவோம்.

கொச்சி மக்களின் கால்பந்துப் பற்றுக்கு எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானம் என்றும் சான்று பகரும். 1973 டிசம்பர் 27-ஆம் நாள் அங்கேதான் கேரளம் இரயில்வே அணியை 3-2 என வென்று முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. மூன்று கோல்களையும் அணித்தலைவர் மணியே அடித்தார். அந்நாளின் ஆரவாரத்தை முதியோர் வாயிலாக நம்மில் பலர் கேட்டிருக்கிறோம்.

பின்னர், 1996-ஆம் ஆண்டில் கலூரில் ஜவாஹர்லால் நேரு அரங்கம் எழுந்தது. பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் அதனை எழுப்பியது. மறு ஆண்டு நடைபெற்ற நேரு கோப்பைப் போட்டியில் இந்தியாவும் ஈராக்கும் மோதிய அரையிறுதியைக் காண ஒரு லட்சம் பேர் கூடினர் என்று சொல்லப்படுகிறது. 1998 ஏப்ரல் முதல் நாள் டெண்டுல்கர் ஆஸ்திரேலியரின் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தியதும் இவ்வரங்கிலேயே. 2016 டிசம்பர் 18-ஆம் நாள் இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் பெனால்டி உதைகளில் தோற்றபோது, மஞ்சள் உடை தரித்த அப்பெருந்திரள் அமைதியுற்றதும் இங்கேதான்.

2017-ஆம் ஆண்டு பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு இவ்வரங்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்போது நிகழ்ந்த மாற்றமே நாம் சிந்திக்க வேண்டியது. 60,000 பேருக்கு மேல் கொள்ளும் எனக் கருதப்பட்ட அரங்கில், பாதுகாப்புக் கருதிச் சுமார் 29,000 பேருக்கே இடமளிக்கப்பட்டது. படிவரிசைகளின் கீழிருந்த கடைகளும் போட்டிக்காக மூடப்பட்டன. பிரேசிலும் ஸ்பெயினும் மோதிய அக்டோபர் 7-ஆம் நாள் ஆட்டத்துக்கு இன்னும் பல்லாயிரவரை அனுமதித்திருக்கலாகாதா என்று வருந்தினோர் உண்டு. அரங்கின் மேற்புறத்தை மட்டும் கண்டோர்க்கு அது குறையாகவே தோன்றும். படிகளின் கீழே சென்று கண்டோர்க்கோ அது வேறாகத் தோன்றும். ஓர் அரங்கின் அளவு, அது எத்தனை பேரை உள்ளே கொள்ளும் என்பதில் இல்லை. இடர் வந்துற்றபோது எத்தனை பேரை விரைவில் வெளியே அனுப்பும் என்பதிலேயே உள்ளது. மேலைநாடுகள் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் இது. நம் ஊருக்கு அது உயிர்ப்பலியின்றி வந்து சேர்ந்தது.

பாடம் வந்தது போதாது. அது நிலைக்கவும் வேண்டும். 2024 டிசம்பர் 29-ஆம் நாள் அதே அரங்கில் நடைபெற்ற நடன நிகழ்ச்சியின்போது, தற்காலிகமாக அமைக்கப்பட்ட மேடையிலிருந்து சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் விழுந்து படுகாயமுற்றார். உலகக் கோப்பைக்கு ஒரு நெறி, உள்ளூர் விழாவுக்கு ஒரு நெறி என்றிருத்தல் தகுமோ? அழகிய மேடையைப் போன்றே அதன் கைப்பிடியும் கவனத்துக்குரியதன்றோ?

ஆதலின், நம் இளைஞர் ஓல்ட் டிராஃபோர்டுக்குச் செல்லினும், கலூருக்குச் செல்லினும், முன்வாயிலின் புகழோடு பின்வாயிலின் பாடத்தையும் கற்று வருவாராக. உடைமாற்றும் அறையில் உடைகளை மடித்து வைத்தவர் யார், புல்லை வெட்டியவர் யார், வாயிலில் நின்று காத்தவர் யார் என்றும் கேட்பாராக. தோபிகானாவின் துறைகளை அறிந்த மட்டாஞ்சேரித் தமிழர்க்கு இக்கேள்வி இயல்பாக எழ வேண்டியதே.

நமது ஆண்டு விழாவிலும் நூற்றுக்கணக்கானோர் ஒரே மண்டபத்தில் கூடுகிறோம். குழந்தைகள் உள்ளனர்; முதியோர் உள்ளனர். மேடையை அலங்கரிக்கும் அன்பர்கள், முதலில் மண்டபத்தின் எல்லாக் கதவுகளையும் திறந்து பார்த்து, வழியில் நாற்காலியோ பெட்டியோ இல்லாதவாறு செய்த பின் மாலை கட்டத் தொடங்குவார்களாக. விழாவுக்கு வந்தோர் யாவரும் நலமாக இல்லம் திரும்புவதே விழாவின் வெற்றியாகும்.