நெகிழியை எரித்தால் மிஞ்சுவது என்ன? புகையிலும் சாம்பலிலும் உள்ள நானோ துகள்கள்

தோட்டப்புறத்தில் ஒரு காலத்தில் குப்பை என்றால் காய்ந்த இலை, தென்னை மட்டை, பழைய கோரைப்பாய், கிழிந்த பருத்தித் துணி. மாலையில் வீட்டின் பின்புறம் அதை மூட்டினால் கொசு விலகும். மறுநாள் சாம்பல் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகும். இன்று அதே இடத்தில் உரச் சாக்கு, நெகிழிப் பாய், பிஸ்கட் பொட்டலம், ஒயர், உடைந்த நாற்காலி எல்லாம் எரிகின்றன. பழக்கம் அப்படியே இருக்க, எரியும் பொருள் மாறிவிட்டது. பட்டணத்துத் தாமான்களின் பின்சந்துகளிலும் இதே நிலைதான்.

எரித்துவிட்டால் நெகிழி ஒழிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அதன் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகி, புகையிலும் சாம்பலிலும் நம்மிடமே திரும்பி வருகிறது.

கலவை நெகிழி

நாம் வாங்கும் நெகிழிப் பொருள்கள் பெரும்பாலும் தனி நெகிழியால் ஆனவை அல்ல. உறுதி, நிறம், தீத்தடுப்பு, ஈரத்தடுப்பு ஆகியவற்றுக்காக வேறு பொருள்களும் அவற்றில் சேர்க்கப்படுகின்றன. வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டைஆக்சைடு. கறுப்புக் குப்பைப் பை, குழாய், டயர் ஆகியவற்றுக்குக் கார்பன் பிளாக் எனப்படும் கரித்தூள். காரின் முன்தடுப்புக்குத் தாதுப் பொடி. தண்ணீர்த் தொட்டிக்குக் கண்ணாடி இழை. பூப்பந்து மட்டைக்குக் கார்பன் இழை. மொறுமொறு தின்பண்டப் பொட்டலத்தின் உட்புறம் பளபளப்பது அலுமினியப் படலம். சில புதிய பொருள்களில் நானோ களிமண், கார்பன் நானோகுழாய் போன்றவையும் சேர்க்கப்படுகின்றன.

தீயில் நடப்பது

தீ பிடித்ததும் நெகிழி உருகி, ஆவியாகி எரிகிறது. கொல்லையில் மூட்டும் தீயில் வெப்பமும் காற்றும் சீராக இருப்பதில்லை. அதனால் பாதி எரிந்த ஆவி கரும்புகையாகிறது. அந்தப் புகைக்கரியின் அடிப்படைத் துகள்கள் சுமார் 10 முதல் 50 நானோமீட்டர் அளவே உள்ளவை. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிதக்கின்றன. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சில வேதிப்பொருள்களும் அவற்றின் மேல் படிகின்றன.

டைட்டானியம் டைஆக்சைடு, களிமண், கண்ணாடி இழை போன்றவை எரிவதே இல்லை. அவற்றைப் பிடித்து வைத்திருந்த நெகிழி போனதும் அவை விடுபடுகின்றன. சிறு பங்கு புகையோடு மேலே போகிறது, பெரும்பங்கு சாம்பலில் தங்குகிறது. கார்பன் இழை தீயில் மெலிந்து, மூச்சோடு உள்ளே போகும் அளவுக்குச் சிறுத்துவிடும்.

செம்புக்காக ஒயரை எரிப்பது எல்லாவற்றிலும் மோசமானது. ஒயரின் உறை பெரும்பாலும் பிவிசி. அதில் குளோரின் இருக்கிறது. உள்ளே இருக்கும் செம்பு, டையாக்சின் எனும் கொடிய நச்சு உருவாவதைத் தூண்டுகிறது.

எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். புகைமூட்டக் காலத்தில் நாம் அடிக்கடி கேட்கும் பிஎம் 2.5 என்பது 2,500 நானோமீட்டர் வரையிலான துகள்களைக் குறிக்கும்.

நமது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு துகள்களை எடையால் கணக்கிடுகிறது. 2,500 நானோமீட்டர் அளவுள்ள ஒரே துகளின் எடைக்கு ஈடாக, அதே அடர்த்தியுள்ள 100 நானோமீட்டர் துகள்கள் 15,625 தேவைப்படும். அதனால் நானோ துகள்கள் ஏராளமாக இருந்தாலும் எடைக் கணக்கில் அவை பெரிதாகத் தெரியாது. பக்கத்து வீட்டில் குப்பை எரியும்போது குறியீடு நல்ல நிலையைக் காட்டுகிறது என்பதற்காக நிம்மதி அடைய முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய நுண்துகள்களை எடையால் அல்லாமல் எண்ணிக்கையால் அளக்கச் சொல்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 10,000 துகள்களைத் தாண்டினால் அது அதிகம் என்றும் வகுத்துள்ளது.

உடலுக்குள்

பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் தடுக்கப்படுகிறது. நானோ துகள்கள் நுரையீரலின் கடைசி காற்றுப்பை வரை போகின்றன. ஒரு சிறு பங்கு இரத்தத்திலும் கலக்கலாம். அழற்சி, ஆஸ்துமா, இருதயப் பாதிப்பு ஆகியவை இதன் விளைவுகள். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுக்கு ஆபத்தும் அதிகம்.

அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வெளிக்காற்றுத் தூய்மைக்கேட்டை 2013இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. டைட்டானியம் டைஆக்சைடும் கார்பன் பிளாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் 2பி பிரிவில் உள்ளன.

ஆலையில் எரிப்பதும் கொல்லையில் எரிப்பதும்

ஆலைகளில் குப்பை எரிக்கப்படுகிறதே, நாம் எரித்தால் மட்டும் என்ன என்ற கேள்வி எழலாம். சுவிட்சர்லாந்தின் சொலோதூர்ன் நகரக் குப்பை எரிப்பு ஆலையில் ஆய்வாளர்கள் 10 கிலோ சீரியம் ஆக்சைடு நானோ துகள்களைக் கலந்து சோதித்தனர். 2012இல் அந்த ஆய்வு வெளியானது. துகள்கள் தீயில் அழியவில்லை. சாம்பலிலும் கசடிலும் அப்படியே இருந்தன. புகையோடு கிளம்பியவற்றை வடிகட்டிகள் பிடித்துக்கொண்டன. அந்தச் சாம்பலை அதன்பின் எப்படிக் கையாளுவது என்பதே ஆய்வாளர்களின் கவலையாக இருந்தது. நம் வீட்டுத் தீயிலும் துகள்கள் அழியப்போவதில்லை, பிடித்து நிறுத்த வடிகட்டியும் இல்லை.

கோல லங்காட் அனுபவம்

2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுக்குக் கதவை மூடியதும், அது மலேசியாவுக்குத் திரும்பியது. சிலாங்கூர், கோல லங்காட் வட்டாரத்தில், குறிப்பாக ஜென்ஜாரோமில், உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. மறுசுழற்சிக்கு உதவாத கலவை நெகிழி திறந்த வெளியில் எரிக்கப்பட்டது. மூச்சுத் திணறலும் இருமலும் தாங்காமல் குடியிருப்பாளர்கள் புகார் செய்த பிறகே ஆலைகள் மூடப்பட்டன. 2020 ஜனவரி நிலவரப்படி 150 கொள்கலன் கழிவு 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மக்கள் புகார் செய்ததால்தான் அந்தப் புகை அடங்கியது.

சட்டம்

1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. 2024இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகலாம். 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. சமயச் சடங்கு போன்ற சில செயல்களுக்கு விலக்கு இருந்தாலும், நெகிழிக் குப்பை அதில் சேராது. போகியன்று பழையன கழிக்கும்போது நெகிழிப் பாயையும் செயற்கை நூல் துணியையும் தீயில் போடாமல் ஒதுக்கி வைப்பது நல்லது.

என்ன செய்யலாம்?

• நெகிழிச் சாம்பலைச் செடிக்குப் போட வேண்டாம், பாத்திரம் துலக்கவும் வேண்டாம். நாட்டுக்கோழி அதைக் கிளறினால் நச்சு முட்டை வழியாக நம் தட்டுக்கு வரும்.

• ஏற்கெனவே கிடக்கும் சாம்பலைக் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரமாக அள்ளி, பையில் கட்டிக் குப்பை வண்டியில் சேருங்கள்.

• ஒயரை எரிக்காமல் அப்படியே பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள். விலை சற்றுக் குறையலாம்.

• பூச்சிமருந்து, களைக்கொல்லிப் புட்டிகளை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள்.

• அருகில் எரியும்போது சன்னலை மூடுங்கள். துணி முகக்கவசம் உதவாது. முகத்தோடு பொருந்தும் என்95 துகளைத் தடுக்கும், ஆனால் நச்சு வாயுவைத் தடுக்காது.

• புகார் செய்யச் சுற்றுச்சூழல் துறையின் கட்டணமில்லா எண் 1-800-88-2727. தீ பரவினால் 999.

குப்பை வண்டி வராத தோட்டங்களில் எரிப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கேள்வி நிர்வாகத்தை நோக்கி எழ வேண்டும். தொழிலாளர் குடியிருப்பின் சுகாதாரத்தைப் பேணுவது முதலாளியின் கடமை என்கிறது 1990ஆம் ஆண்டு சட்டம் 446. தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளையோ கோயில் நிர்வாகக் குழுவோ, குப்பை அகற்றும் ஏற்பாடு கேட்டு எழுத்துப்பூர்வமாக ஒரு கடிதம் கொடுத்தால், அதையே முதல் படியாக வைத்துக்கொள்ளலாம்.