சட்டாம்பிள்ளை சிறைக்குப் போன கதை

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர்தான், பிள்ளைகளோ பலர். அதனால் மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளை ஆனான். மணலில் ‘அ’ எழுதப் பழக்குவதும் அவன்தான், பிரம்பை ஓங்குவதும் அவன்தான். கைதியே கைதிக்கு வழிகாட்டும் இன்றைய சிறைச் சீர்திருத்தத்துக்கு இவன் ஒருவகையில் பாட்டன் முறை.

1789. சென்னை எழும்பூரில், வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. வேறு வழியில்லாமல் ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார், பையன் சாதித்துவிட்டான். 1797இல் பெல் இதை லண்டனில் புத்தகமாக்கினார். அதே நகரில் ஜோசஃப் லங்காஸ்டரும் இதே பாணியில் பள்ளி நடத்த, ‘முதலில் கண்டது யார்?’ என்று இரு தரப்பு ஆதரவாளர்களும் மல்லுக்கு நின்றார்கள். பெல்லின் பணத்தில் ஸ்காட்லாந்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்.

லங்காஸ்டர் குவேக்கர் சபைக்காரர். அதே சபையைச் சேர்ந்த எலிசபெத் ஃப்ரை, 1817வாக்கில் லண்டன் நியூகேட் சிறையில் பெண் கைதிகளின் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஆசிரியை யார்? கடிகாரம் திருடி உள்ளே வந்த மேரி கானர்! பிறகு பெண் கைதிகளையும் 12 பேருக்கு மிகாத குழுக்களாகப் பிரித்து, படிக்கத் தெரிந்த ஒருத்தியை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக்கினார்.

சட்டாம்பிள்ளையின் பிரம்பு, அதாவது அவன் அதிகாரம், வேறு கப்பலில் போனது. 1825 முதல் சிங்கப்பூருக்கு நாடு கடத்தப்பட்ட இந்தியக் கைதிகளில் நல்ல பெயர் எடுத்தவர்களே மற்றவர்களுக்குக் காவலர் ஆனார்கள். அங்கே புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டியது இந்தக் கைதிகள்தான். சுவருக்குப் பூசியது முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மெட்ராஸ் சுண்ணாம்பு. காரைக்குடிச் சுவர்களின் வழுவழுப்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஆனால் கைதியே காவலராகும் இதே ஏற்பாடு அந்தமான் செல்லுலார் சிறையில் விஷமானது. அதிகாரம் பெற்ற கைதிகள் சக கைதிகளை வதைத்தார்கள்.

1991இல் வேல்ஸின் ஸ்வான்சீ சிறையில் பிரம்புக்கு வேலை இல்லை. சமாரிட்டன்ஸ் அமைப்பிடம் பயிற்சி பெற்ற கைதிகள், மனமுடைந்தவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். 1993இல் கிரண் பேடி பொறுப்பேற்ற திகார் சிறையில், படித்த கைதிகள் எழுத்தறியாதவர்களுக்கு ஆசிரியர் ஆனார்கள். கைதியிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் இன்னொரு காவலன்தான் கிடைப்பான். சொல்லித்தரும் பொறுப்பைக் கொடுத்தால் சொல்லிக்கொடுப்பவனும் சேர்ந்து தேறுவான்.

சிவகங்கை மாவட்டத்திலும் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. நன்னடத்தைக் கைதிகள் அங்கே விவசாயம் செய்கிறார்கள். உழவு தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுத்தர இதைவிடத் தோதான பள்ளிக்கூடம் வேறு ஏது?