தனியார் நிறுவனப் பங்குகளின் இரண்டாம் நிலை விற்பனை மீதான வரி (ஐக்கிய அமெரிக்கா)

பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத புத்தொழில் நிறுவனம் ஒன்றின் பங்குகளை, அதன் நிறுவனரோ ஊழியரோ தொடக்ககால முதலீட்டாளரோ வேறொருவருக்கு விற்பது இரண்டாம் நிலை விற்பனை எனப்படும். இதில் பணம் நிறுவனத்துக்கன்றி விற்பவருக்கே செல்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் இவ்விற்பனைக்கான கூட்டரசு வரி, பங்கை வைத்திருந்த காலம், அதைப் பெற்ற முறை, வாங்குபவர், விலை ஆகியவற்றைப் பொறுத்து மாறுபடும்.

வைத்திருந்த காலம்

ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கின் இலாபம் நீண்டகால மூலதன ஆதாயம் ஆகும். பொதுவாக இதன் வரி வீதம் 0%, 15% அல்லது 20%. ஏனைய இலாபத்துக்குச் சாதாரண வருமான வீதம் (உச்சம் 37%) பொருந்தும். உயர் வருமானம் உடையோர் கூடுதலாக 3.8% முதலீட்டு வருமான வரி செலுத்த நேரிடலாம்.

ஊழியர் பங்குகள்

ஊக்கப் பங்குத் தெரிவுரிமை வழங்கப்பட்டு 2 ஆண்டுகளும், அதைக்கொண்டு பங்கை வாங்கி 1 ஆண்டும் கடந்த பின் விற்றால், இலாபம் முழுவதும் நீண்டகால ஆதாயமாகும். எடுத்துக்காட்டாக, 4 டாலர் மதிப்புள்ள பங்கை 1 டாலருக்கு வாங்கி 10 டாலருக்கு விற்றால், 9 டாலரும் ஆதாயமே. ஓராண்டுக்குள் விற்றால் 3 டாலர் ஊதிய வருமானமாகவும் 6 டாலர் குறுங்கால ஆதாயமாகவும் கொள்ளப்படும். விற்காமல் ஆண்டு முடியும் வரை வைத்திருந்தால், அந்த 3 டாலர் மாற்றுக் குறைந்தபட்ச வரிக் கணக்கில் சேரும். எனவே பணம் கைக்கு வருமுன்பே வரி செலுத்த நேரிடலாம்.

சிறுதொழில் பங்கு விலக்கு

வருமான வரிச் சட்டத்தின் 1202ஆம் பிரிவு 1993இல் சேர்க்கப்பட்டது. தகுதியுள்ள உள்நாட்டு நிறுவனத்திடமிருந்து நேரடியாகப் பெற்ற பங்குகளுக்கே இது பொருந்தும். இரண்டாம் நிலையில் விலைக்கு வாங்கியவருக்கு இவ்விலக்குக் கிடையாது.

* 2010 செப்டம்பர் 27க்குப் பின், 2025 சூலை 4 வரை பெற்ற பங்குகள்: 5 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தால் 100% விலக்கு. உச்ச வரம்பு 1 கோடி டாலர் அல்லது அடக்கவிலையின் 10 மடங்கு, இவற்றில் கூடியது.
* 2025 சூலை 4க்குப் பின் பெற்றவை: 3 ஆண்டுகளுக்கு 50%, 4 ஆண்டுகளுக்கு 75%, 5 ஆண்டுகளுக்கு 100% விலக்கு. டாலர் வரம்பு 1.5 கோடி.

ஆறு மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்பவர், அத்தொகையை 60 நாட்களுக்குள் வேறு தகுதியுள்ள பங்கில் முதலிட்டு, 1045ஆம் பிரிவின்கீழ் வரியைத் தள்ளிப்போடலாம். கலிபோர்னியா மாநில வரியில் 1202ஆம் பிரிவு விலக்குத் தரப்படுவதில்லை.

வாங்குபவரும் விலையும்

நிறுவனமோ ஏற்கெனவே உள்ள முதலீட்டாளரோ ஊழியரின் பங்கை நியாயச் சந்தை மதிப்பை விடக் கூடிய விலைக்கு வாங்கினால், மிகைத்தொகை ஊதியமாகக் கருதப்படக்கூடும். அவ்வாறாயின் அதற்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளும் சேரும். மேலும், புதிய பங்கு வெளியிடுவதற்கு ஓராண்டு முன்னும் பின்னுமான காலத்தில் நிறுவனம் தன் பங்கு மதிப்பில் 5%க்கு மேல் திரும்ப வாங்கினால், அப்புதிய பங்கு 1202ஆம் பிரிவுத் தகுதியை இழக்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* மூலதன ஆதாய வரி
* துணிகர முதலீடு