கால் சுவிட்சுக்கு வேலை கொடுத்தது யார்?

எங்கள் கல்லூரி விழாவில் நண்பன் ஒருவன் கிடார் வாசித்துக்கொண்டே பாடினான். மெதுவான பாட்டு. கிடாருக்கு எதிரொலி சேர்க்க எஃபெக்ட்ஸ் பெடலை மிதிக்கப் போனவன், பக்கத்து சுவிட்சை மிதித்துவிட்டான். ஒரே குரல் திடீரென்று மூன்று குரலானது! அரங்கமே சிரித்தது. இறங்கி வந்தவன் சொன்னான்: "சுவிட்சோட வேலைய மாத்தி வெச்சிருக்கலாம்டா, நான்தான் செய்யல."

சுவிட்சின் வேலையை மாற்ற முடியுமா? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அப்படி ஒரு வசதி கிடையாது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு ஒலிப்பதிவின்போது மிக்சிங் கருவி பழுதாகி, கிடார் ஒலி கரகரவென்று வந்தது. மார்ட்டி ராபின்ஸ் பாடிய அந்தப் பாட்டு 1961-ல் வெளியாகிப் பிரபலமானது. அதே கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க, பொறியாளர் கிளென் ஸ்னாடி ஒரு சுற்றை உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962-ல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. அதில் இருந்தது ஒரே ஒரு கால் சுவிட்ச். மிதித்தால் கரகரப்பு, மறுபடி மிதித்தால் சாதாரண ஒலி. சுவிட்சின் வேலையைத் தீர்மானித்தது உள்ளே இருந்த ஒயர்.

பிறகு பெடல்கள் பெருகின. 1977-ல் பாஸ் நிறுவனத்தின் சின்னப் பெட்டிகள் வந்தன. அவையும் ஒரு பெட்டி, ஒரு சுவிட்ச், ஒரு வேலைதான். மூன்று ஒலிகளை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமென்றால்? ஒரு தாளத்துக்குள் மூன்று மிதி! 1980-களில் லாஸ் ஏஞ்சலஸில் பாப் பிராட்ஷா இதற்கு வழி கண்டார். பெடல்களைத் தனியே வைத்துவிட்டு, அவற்றை இயக்கும் சுவிட்சுகளை மட்டும் மேடையில் வைத்தார். ஒரு சுவிட்சை மிதித்தால் எந்தெந்தப் பெடல்கள் வேலை செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைக்கலாம்.

1983-ல் மிடி வந்ததும் கதையே மாறியது. இதில் கால் சுவிட்ச் ஒலியைத் தொடுவதே இல்லை, ஓர் எண்ணை மட்டும் அனுப்புகிறது. ஒலித் தொகுப்பை மாற்றும் கட்டளைக்கு 0 முதல் 127 வரை 128 எண்கள். அந்த எண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மறுமுனையில் இருக்கும் கருவியில் நாமே பதிந்துவிடலாம். சுவிட்சின் வேலை ஒயரிலிருந்து விடுபட்டு நினைவகத்துக்குப் போய்விட்டது.

காமர்ஸ் மாணவன் பாஷையில் சொன்னால், பாடிக்கொண்டே கிடார் வாசிப்பவருக்கு இரண்டு கைகளும் வாயும் முழுநேர வேலையில் இருக்கின்றன. மிச்சம் இருக்கும் ஒரே ஊழியர் கால்தான். 2014-ல் டிசி-ஹெலிகான் வெளியிட்ட வாய்ஸ்லைவ் 3 போன்ற கருவிகளில் குரலும் கிடாரும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டதால், அந்த ஒரு ஊழியருக்கு இரண்டு துறை வேலை!

அதனால்தான் வேலைப் பங்கீடு முக்கியம். முன்பு தயாரிப்பாளர் செய்த அந்தப் பங்கீடு இப்போது பாடகரின் பொறுப்பு. நண்பன் இப்போது ஹார்மனியைக் கடைசி சுவிட்சுக்கு மாற்றிவிட்டான், அதுவும் காலை அழுத்தி வைத்திருக்கும்வரை மட்டுமே ஒலிக்கும்படி. தவறி மிதித்தாலும் காலை எடுத்தால் போதும், நின்றுவிடும்.

அடுத்த விழாவில் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நம்புவோம்!