கள்ளுக்கடை சொல்லும் வரலாறு

“குடிப்பது நம்மவரின் பிறவிக் குணம்” என்னும் பழிச்சொல்லை நம் நாட்டில் கேளாதார் இலர். மலாக்காவில் நான் தலைமையாசிரியராகப் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியில், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் என் அறைக்கு வந்து, “ஐயா, நாம் மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்டான். அவன் தந்தையின் குடியை யாரோ அவன் முன்னிலையிலேயே எள்ளி நகையாடியிருக்கின்றனர். ஆறுதல் கூறி அனுப்பினேன். ஆனால் ஆறுதல் விடையாகுமா? விடையை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

தானியத்தைப் புளிக்கவைத்து மது ஆக்கும் அறிவு மனித குலம் முழுமைக்கும் பொதுவானது. மேலைநாட்டார் பார்லியையும், அமெரிக்கர் மக்காச்சோளத்தையும், சீனர் அரிசியையும் கொண்டு இதனைச் செய்தனர். தமிழரும் செய்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் இல்லத்தில் மது ஆக்கும் முறை விளக்கமாகவே கூறப்படுகின்றது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளையை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தனராம். முளையில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, அச்சர்க்கரையை நுண்ணுயிர்கள் மதுவாக்கும். நம் அண்டை வீட்டு மலாய்க்காரர் பெருநாளுக்குச் செய்யும் ‘தாப்பாய்’ என்னும் புளித்த அரிசிப் பண்டத்திலும் ஏறத்தாழ இவ்வினையே நிகழ்கின்றது.

தென்னங்கள்ளுக்கு இத்தனை பாடும் இல்லை. பாளையைச் சீவ வடியும் நீரில் சர்க்கரை இயல்பாகவே உண்டு. கலயத்தினுள் சுண்ணாம்பு பூசினால் அது இனிக்கும் பதநீர். பூசாவிடில் சில மணி நேரத்தில் கள். மேலும் ஓரிரு நாள் கடந்தால் காடியாகிவிடும். இவ்வியல்பை வாசகர் நினைவிற் கொள்க.

வீட்டுச் சாடியில் விளைந்தது அரசின் வருவாயானது எங்ஙனம்? 1826இல் மலாக்கா, பினாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாயிற்று. அபினி, சாராயம், கள் ஆகியவற்றை விற்கும் உரிமையை ஆங்கில அரசு குத்தகைக்கு விட்டுப் பொருள் ஈட்டியது. குத்தகைக்காரன் விற்றால் அது வாணிகம். ஏழை தன் குடிசையில் வடித்தால் அது குற்றம்!

1896இல் டான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார்; பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. தொடர்ந்து பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழகச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டினர். விடியுமுன் எழுந்து மரம் வெட்டிப் பால் எடுத்தவனுக்கு, மாலையில் லயத்தை விட்டால் வேறு புகலிடம் அரிது. கள்ளோ நெடுந்தொலைவு கொண்டு செல்லத்தகாத பொருள். ஆகவே தோட்டத்திலேயே தென்னை வளர்ந்தது. தோட்டத்திலேயே கடையும் திறந்தது. கடையின் இலாபத்தைக் ‘கள்ளு நிதி’யாகச் சேர்த்துத் தொழிலாளர் நலனுக்கெனச் செலவிட்டனர். உழைத்த கூலியைக் குடித்துத் தன் நலனுக்குத் தானே நிதி திரட்டிய கொடுமையை என்னென்பது!

நான் வளர்ந்த தோட்டத்தில், சம்பள நாள் மாலை தாய்மார் இடுப்பில் குழந்தையுடன் கடைக்குச் செல்லும் பாதையில் காத்திருப்பர். கணவன் உள்ளே நுழையுமுன் மளிகைக் கடனுக்குரிய பணத்தை வாங்கிவிட வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு. அக்காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

ஆயினும் நம் முன்னோர் இதற்குத் தலைவணங்கியே கிடந்தனர் என்று எண்ணுதல் பிழை. 1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1941இல், சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்க வேண்டும் என்ற இழிவு நீங்குவதும் அவர்தம் கோரிக்கைகள். அவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமி அமைத்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலை மேற்கொண்டது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை முன் காவலருடன் நேர்ந்த மோதலில் தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார். பிறவிக் குடியர் கள்ளுக்கடையை மூட உயிர் கொடுப்பரோ?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் புகுந்தபின் குடி மறைந்துவிடவில்லை. மலிவான சம்சு அவ்விடத்தைப் பிடித்தது. தானியக் கூழைப் புளிக்கவைத்து வடிக்கையில் மெத்தனால் என்னும் நஞ்சு மிகச் சிறிதளவே தோன்றும். கண்ணையும் உயிரையும் பறிப்பது பெரும்பாலும் ஊதியத்திற்காகக் கலக்கப்படும் ஆலை மெத்தனாலேயாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நஞ்சு கலந்த மதுவருந்தி முப்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் பலர் அவர்களுள் அடங்குவர். அன்று நம்மவர் நின்ற இடத்தில் இன்று வேறு ஏழைகள் நிற்கின்றனர். விற்பவனின் பேராசை மட்டும் மாறவில்லை.

இவ்வாறு கூறுவதால் இன்று குடிப்பவர் தம் பொறுப்பினின்று நீங்கியவராகார். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அவ்வறம் என்றும் நமக்குரியது. எனினும் நம் பிள்ளைகள் பழியை மட்டும் கேட்டு வளர்தல் தகாது. அம்மாணவனை மீண்டும் அழைத்து, கிள்ளானையும் பீடோங்கையும் பற்றிக் கூறினேன். நெடுநேரம் அமைதியாக இருந்தவன், “இது ஏன் ஐயா எங்கள் பாடநூலில் இல்லை?” என்று கேட்டான். அன்று முதல் ஆண்டுதோறும் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இதனை ஒரு பாடமாகவே நடத்தி வருகிறேன்.