முழங்காலுக்குள் ஒரு சிலுவை

முழங்கால் மூட்டில் எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் விதம் கொஞ்சம் பயமுறுத்துவதுதான். தொடை எலும்பின் அடிமுனை உருண்டை. அது உட்காரும் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்போ ஏறக்குறையத் தட்டை. இடுப்பு மூட்டில் உள்ளது போன்ற ஆழமான கிண்ணம் இங்கே கிடையாது. தட்டின் மேல் பந்தை வைத்தது மாதிரி!

அந்தப் பந்து நழுவாமல் பிடித்திருப்பவை லிகமென்ட் எனப்படும் தசைநார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு, கால் பக்கவாட்டில் வளையாமல் காக்கின்றன. மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் இரண்டும் சிலுவைத் தசைநார்கள். முன் சிலுவை நார் கீழ்க்கால் எலும்பை முன்னோக்கி நகரவிடாது. பின் சிலுவை நார் பின்னோக்கி நகரவிடாது. விளையாட்டுச் செய்திகளில் அடிபடும் 'ஏ.சி.எல்.' இந்த முன் சிலுவை நார்தான்.

தசைநார்கள் மூட்டைத் தாங்குபவை என்று 2ஆம் நூற்றாண்டிலேயே கேலன் எழுதிவிட்டார். ஆனால் எந்த நார் எந்த அசைவைத் தடுக்கிறது என்பது, அதை அறுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1836ல் வெளியிட்ட நூலில், சிலுவை நார்கள் அறுபட்டால் கீழ்க்கால் எலும்பு முன்னும் பின்னும் நகர்வதைப் பதிவு செய்தனர்.

1875ல் பாரிசில் ஜார்ஜ் நூலிஸ் என்பவர் தன் ஆய்வேட்டில் ஒரு சோதனையை விவரித்தார். ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கீழ்க்காலை முன்னே இழுக்க வேண்டும். முன் சிலுவை நார் மட்டும் அறுந்திருந்தால், முழங்கால் லேசாக மடங்கிய நிலையில்தான் அந்த நகர்வு தெரியும் என்றார்.

அந்த ஆய்வேட்டை மருத்துவ உலகம் மறந்தேபோனது. முழங்காலை 90 பாகை மடக்கி, மேசை டிராயரை இழுப்பது போல இழுத்துப் பார்ப்பதே வழக்கமாக இருந்தது. புதிதாக அடிபட்டு வீங்கிய காலை அவ்வளவு மடக்க முடியாது. மடக்கினாலும் தொடையின் பின்தசைகள் வலியில் இறுகி எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நார் அறுந்தது தெரியாமல் "வெறும் சுளுக்கு" என்று அனுப்பப்பட்டவர் மறுபடி ஓடினால் மூட்டு நழுவும். உள்ளேயிருக்கும் குருத்தெலும்பும் கிழியும்.

1976ல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் டோர்க், தன் ஆசிரியர் ஜான் லாக்மன் கற்றுக்கொடுத்த சோதனை என்று ஒன்றை வெளியிட்டார். முழங்கால் லேசாக மடங்கியிருக்க, ஒரு கை தொடையில், மறுகை கீழ்க்காலில். நூலிஸ் சொன்ன அதேதான்! அவரது பழைய பக்கங்கள் பிறகு கண்ணில் பட்டபோதும் 'லாக்மன் சோதனை' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

எம்.ஆர்.ஐ. வந்த பின்னும் மருத்துவர்கள் இதைக் கைவிடவில்லை. நார் முழுசாக இருந்தால் இழுப்பு 'டக்'கென்று நிற்கும். அறுந்திருந்தால் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் எலும்பு மெதுவாக முன்னே வரும்.